பதினாலு பேர் உட்காரும் ஹோட்டல்

என் பெரியப்பாவுக்கு உலகத்தில் இரண்டு வகை ஹோட்டல்கள்தான் உண்டு. மேசை நகரும் ஹோட்டல், மேசை நகராத ஹோட்டல். உள்ளே நுழைந்ததும் அவர் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டார். முதலில் தென்படும் மேசையின் விளிம்பைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பார். நகர்ந்தால் உட்காருவார். நகராவிட்டால், அங்கே நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவார்.

எங்கள் குடும்பம் எங்கே போனாலும் பத்துப் பேருக்குக் குறையாமல் போகும். ஆலுவா மணல்புறத்துக்குச் சிவராத்திரிக்குப் போனாலும் அப்படித்தான், எர்ணாகுளத்தில் ஒருவருக்குப் பல் பிடுங்கப் போனாலும் அப்படித்தான். இத்தனை பேரை ஒரே இடத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட எந்த ஹோட்டல் தகும் என்பதில் தன்னை விட்டால் ஆள் இல்லை என்று பெரியப்பா நினைத்துக்கொண்டிருந்தார். மிளகு மண்டியில் மூட்டைகளை அடுக்கவைப்பது அவர் வேலை. மூட்டையை அடுக்கத் தெரிந்தவருக்கு மனிதரை அடுக்கத் தெரியாதா என்று அப்பாவும் நம்பினார். அப்பா எல்லாவற்றையும் நம்புவார். தன் அண்ணன் சொன்னால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை என்றுகூட நம்புவார்.

எழுபதுகளின் கடைசியில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீடு திருநெல்வேலிப் பக்கம். எங்கள் முன்னோரும் அந்தப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்தவர்கள்தான். வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. இங்கே எங்களைப் பாண்டி என்பார்கள், அங்கே போனால் மலையாளத்தார் என்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஆகாத எங்களுக்குப் பெண் எடுக்கவும் கொடுக்கவும் மட்டும் அந்த ஊர்தான் வேண்டியிருந்தது.

பெண் பார்ப்பதை வீட்டில் வைக்க முடியாது என்று பெரியப்பா முதலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டின் முன்னறையில் ஏழு பேர் உட்கார்ந்தால் எட்டாவது ஆள் கிணற்றடிக்குத்தான் போக வேண்டும். வெளியில் சொல்லிக்கொண்ட காரணம் அது. உள்ளே வைத்திருந்த காரணம் வேறு. இதற்கு முன் இரண்டு பேர் வந்து, பஜ்ஜியும் கேசரியும் தின்று, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். தெரு முழுக்க அது தெரிந்துபோயிற்று. ஹோட்டலில் வைத்தால், அமையாமல் போனாலும் நாலு பேர் சேர்ந்து டிபன் சாப்பிடப் போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

எனக்கு அந்த நாளில் ஒரே ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. நான் துறைமுகத் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். தோப்பும்படி பாலம் கடந்து போய் ஐந்து வருடமாகப் பார்த்து வந்த வேலை. அதை விட முடியாது. மாப்பிள்ளைக்கு எர்ணாகுளத்துக்கு மாற்றல் வாங்க வழி உண்டு என்று தரகர் சொல்லியிருந்தார். வாங்குவாரா மாட்டாரா என்பதை அவர் வாயிலிருந்து நான் கேட்க வேண்டும். இதை அம்மாவிடம் சொன்னேன்.

"அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும், பின்னெப் பேசிக்கலாம். இப்போ மிண்டாதெ இரி" என்றாள் அம்மா. மிண்டுவது என்றால் எங்கள் ஊரில் வாயைத் திறப்பது. பெண் பார்க்கிற நாள் வரைக்கும் மிண்டக் கூடாது, அதற்குப் பிறகு மிண்டிப் பயனில்லை.

ஆக, பெரியப்பா ஹோட்டல் பார்க்கக் கிளம்பினார். மாப்பிள்ளையைப் பார்க்க அவர்கள் ஊருக்கு ஒருவரும் போகவில்லை. தரகர் கொடுத்த போட்டோ போதுமானதாக இருந்தது. ஹோட்டல் விஷயத்தில் போட்டோவெல்லாம் செல்லாது. நான்கு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு போய் நேரில் உட்கார்ந்து பார்த்தோம். ஊசி போகிற இடம் பார்ப்பான், உலக்கை போகிற இடம் பாரான் என்று சும்மாவா சொன்னார்கள்.

முதல் ஹோட்டல் எங்கள் ஊர்ப் படகுத்துறைக்குப் பக்கத்தில். அங்கே போண்டாவும் சாயாவும் பிரமாதமாக இருக்கும். மேசைகளுக்குப் பளிங்குப் பலகை போட்டுக் காலைத் தரையோடு சிமெண்டில் பதித்திருந்தார்கள். பெரியப்பா இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார். பிறகு என் அண்ணனையும் ஒரு கை கொடுக்கச் சொன்னார். கல்லாவில் இருந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "மேச நீங்ஙூலா. சேட்டன் வேணேல் நீங்ஙிக்கோ."

நாங்களே நீங்கினோம்.

இரண்டாவது, தோப்பும்படியில் புதிதாகத் திறந்திருந்த சைவ ஹோட்டல். மேசை நன்றாகவே நகர்ந்தது. ஆனால் காற்றடித்தால் மீன் துறைமுகம் முழுவதும் உள்ளே வந்து உட்கார்ந்தது. பெரியப்பா அம்மாவை ஒவ்வொரு நாற்காலியிலும் உட்காரவைத்து மோந்து பார்க்கச் சொன்னார். எந்த நாற்காலியில் மீன் வாசம் அதிகம், எதில் குறைவு என்று பார்த்து, குறைவான பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டாரையும் மிகுந்த பக்கத்தில் எங்களையும் வைத்துவிடலாமா என்று யோசித்தார். அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு எட்டு நாற்காலி மாறினாள். ஒன்பதாவது நாற்காலியில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்ததால் அந்த ஹோட்டல் கழிந்தது.

மூன்றாவது எர்ணாகுளத்தில் குளிரூட்டிய ஹோட்டல். படகில் போனோம். உள்ளே நுழைந்ததும் கண் தெரியவில்லை. மேசைக்கு ஒரு சின்ன விளக்கு, அதற்கும் சிவப்பு மூடி. மேசை நகர்ந்தது, மீன் வாசம் இல்லை, நாற்காலியில் பஞ்சு இருந்தது. பெரியப்பாவுக்குப் பிடித்துவிட்டது. அப்பாதான் அதிசயமாக வாயைத் திறந்து, இந்த வெளிச்சத்தில் வருகிறவர்களுக்குப் பெண் எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"இருட்டா இருந்தா நமக்கு நல்லதுதானே" என்றாள் பெரியம்மா.

அவள் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒரு யோசனையாகவே சொன்னாள். எல்லோரும் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அதிலும் நியாயம் இருக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் முன்னால் வைத்திருந்த ஐஸ்கிரீமைத் தொடாமல் எழுந்தேன். அண்ணன் அதையும் சேர்த்துச் சாப்பிட்டான்.

நான்காவதுதான் தேறியது. எர்ணாகுளத்தில் ஒரு மாடிமேல் இருந்த பழைய சைவ ஹோட்டல். எட்டுப் பேர் உட்காரும்படி இரண்டு மேசைகளை ஒன்றாகச் சேர்க்கலாம். பக்கத்திலேயே ஆறு பேர் உட்காரத் திரை போட்ட ஒரு தடுப்பறை. அதற்கு ஃபேமிலி ரூம் என்று பெயர். குடும்பத்தில் ஆண்கள் சேர்த்தி இல்லையோ என்னவோ, அந்த அறையில் பெண்களைத்தான் அடைப்பார்கள். எட்டும் ஆறும் பதினாலு. அவர்கள் ஏழு, நாங்கள் ஏழு. பெரியப்பாவின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கை கழுவும் தொட்டிகூட ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு இருந்தன. மின்விசிறி மாப்பிள்ளையின் அப்பா தலைக்கு நேரே வருமாறு நாற்காலிக்குச் சாக்கட்டியில் அடையாளம் வைத்தார். மத்தியானச் சாப்பாடு வைத்தால் எங்கள் ஊர்ச் சிவப்பரிசிச் சோற்றைப் பார்த்து அவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று டிபனாக வைத்தார். ஞாயிறு நாலரைக்கு ராகு காலம், அதனால் மூன்று மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும்.

இவ்வளவும் பார்த்த மனிதர், பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுவார்கள் என்று பார்க்கவில்லை. அதற்கு ஹோட்டலில் இடம் இல்லை. எட்டிலும் இல்லை, ஆறிலும் இல்லை.

அந்த ஞாயிறு வந்தது. அவர்கள் பக்கம் மாப்பிள்ளை, அப்பா, தாய்மாமா, ஒரு பெரியவர், மாப்பிள்ளையின் அம்மா, அக்கா, அத்தை. எங்கள் பக்கம் பெரியப்பா, அப்பா, அண்ணன், தரகர், அம்மா, பெரியம்மா, நான். ஆண்களை நீள மேசையில் வைத்தார்கள், எங்களைத் திரைக்குள் தள்ளினார்கள். ஆறு பேர் உட்காரலாம் என்று சொன்னது உண்மைதான். ஆனால் பட்டுப் புடவை கட்டிய ஆறு பேர் என்று பெரியப்பா யோசிக்கவில்லை. மாப்பிள்ளையின் அத்தை மூச்சு விட்டால் நான் சுவரோடு ஒட்டினேன்.

வீட்டில் என்றால் பெண் காப்பித் தட்டை ஏந்தி வருவாள். அது அவளுக்கு ஒரு சாக்கு. கையில் தட்டு இருந்தால் எங்கே பார்ப்பது என்ற தொல்லை இல்லை. இங்கே தட்டு சப்ளையர் கையில். நாற்பது வயதைத் தாண்டிய, நரைத்த மீசை வைத்த மனிதர். பெரியப்பா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, தட்டைக் கொஞ்ச நேரம் பெண்ணிடம் கொடுக்கச் சொன்னார்.

"அது ஞங்ஙட பணியாணு. வேற ஆளு எடுத்தா யூனியன் சம்மதிக்கூலா" என்றார் அவர், சாதாரணமாக.

நான் வெறுங்கையோடு திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றேன். பஸ்ஸுக்கு நிற்பதைப் போல நின்றேன். மாப்பிள்ளையின் அப்பா மின்விசிறியின் கீழே வேட்டி பறக்காமல் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தாய்மாமா என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். நான் சொல்வதற்குள் பெரியப்பா சொன்னார். வேலையைப் பற்றிச் சொல்ல நான் வாயெடுத்தேன். "போதும், உள்ளே போ" என்றார். போனேன்.

ஆனால் ஹோட்டல் என் பக்கம் கொஞ்சம் இரக்கம் காட்டியது. இரண்டு தொட்டிகளில் ஒன்றில் அன்று தண்ணீர் வரவில்லை. பெரியப்பா தொட்டிகளை எண்ணினாரே தவிர குழாயைத் திறந்து பார்க்கவில்லை. டிபன் வருவதற்கு முன் கை கழுவ வேண்டும் என்று நான் எழுந்து போனபோது மாப்பிள்ளை அங்கே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதையாக ஒதுங்கிக் குழாயை விட்டுக்கொடுத்தார். நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். அதனால்தான் கேட்டேன்.

"நான் வேலையை விட மாட்டேன். நீங்க மாற்றல் வாங்கிக்கிட்டு இங்க வருவீங்களா?"

அவர் ஈரக் கையைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "அதை அப்பாட்டல்லா கேக்கணும்" என்றார்.

"உங்களுக்கு இஷ்டமா?"

"எனக்கு என்ன இருக்கு. அப்பா சொன்னா சரிதான்" என்றார், சண்டைக்கு வராத குரலில்.

முப்பத்தொரு வயது. அரசாங்க வேலை. கைக்குட்டையை நாலாக மடித்து வைத்திருந்தார். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. ஒரு பெரியப்பாவிடமிருந்து இன்னொரு பெரியப்பாவிடம் போவதற்கா இத்தனை பட்டுப் புடவை? திரும்பி வந்து திரைக்குள் என் மூலையில் உட்கார்ந்தேன்.

தோசை வந்தது. முதலில் நீள மேசைக்கு. திரையில் ஒரு கிழிசல் இருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. சப்ளையர் ஒரு தூக்கையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து, மின்விசிறிக்குக் கீழே இருந்த மாப்பிள்ளையின் அப்பாவிடம் குனிந்து கேட்டார்.

"சம்மந்தி வேணோ?"

எங்கள் ஊரில் சட்னிக்குச் சம்மந்தி என்று பெயர். பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்கிறோம். காலையில் தினமும் அதைத் தொட்டுத்தான் தின்கிறோம். அதனால் எங்களில் ஒருவர் காதிலும் அது வேறாக விழவே இல்லை. திருநெல்வேலிக்காரர் காதில் விழுந்தது வேறு. அவர் ஊரில் சம்மந்தி என்றால் பெண்ணைக் கொடுத்தவர், பெண்ணை எடுத்தவர்.

அவர் தோசையிலிருந்து கையை எடுத்தார். கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்தார். பிறகு நிதானமாக, "அது இப்பச் சொல்லுத காரியமா? ஊருக்குப் போய்க் கடுதாசி போடுதோம்" என்றார்.

சப்ளையருக்குப் புரியவில்லை. சட்னிக்குக் கடிதம் போடுகிற ஆளை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். காது கேட்காதவரோ என்று நினைத்துக்கொண்டு இன்னும் குனிந்து, சத்தமாகக் கேட்டார்: "சம்மந்தி, சம்மந்தி. வேணோ, வேண்டயோ?"

மாப்பிள்ளையின் அப்பா முகம் சிவந்துவிட்டது. பெரியப்பாவைப் பார்த்து, "என்ன இது? எலையில தோசையை வச்சுக்கிட்டா பதில் கேப்பிய? அதுவும் வெளம்புதவரை விட்டு?" என்றார்.

பெரியப்பா பதறி எழுந்து, அது தொட்டுக்கொள்வது, தேங்காய் அரைத்தது, இங்கே அதற்கு அதுதான் பெயர் என்று விளக்கினார். தரகர் கரண்டியிலிருந்து ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டினார். அந்தப் பக்கத்து ஆண்கள் சிரித்தார்கள். சட்னிக்கு இப்படி ஒரு பெயரா என்று தாய்மாமா தொடையில் அடித்துக்கொண்டார். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. சப்ளையர் கரண்டியோடு அப்படியே நின்றார். அவருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அப்பா வேணும் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். நல்ல நாளில், நல்ல நேரத்தில், சம்மந்தி வேணும் என்று வாயால் சொல்லிவிட்டால் அது வாக்கு. பெரியப்பா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து அவரும் நிறுத்திக்கொண்டார். சம்மந்தி வேண்டாம் என்று பெண் வீட்டார் சொன்னால் அது அபசகுனம்.

"வாயால ஒண்ணும் சொல்லாண்டாம். பலிச்சிரும்" என்றார் அந்தப் பக்கத்துப் பெரியவர்.

எட்டு ஆண்களும் வெறும் தோசையைத் தின்றார்கள். சாம்பார் இன்னும் வந்திருக்கவில்லை. சட்னி என்று தெரிந்த பிறகும், சட்னி கண்ணுக்கு முன்னால் இருந்த பிறகும், அதற்குப் பயந்துகொண்டு வறட்டுத் தோசையை மென்று விழுங்கினார்கள். நான்கு ஞாயிறு தேடிக் கண்டுபிடித்த ஹோட்டலில் பெரியப்பாவுக்குத் தொண்டையில் தோசை சிக்கி இருமல் வந்தது. மாப்பிள்ளை தன் அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அவரும் வறட்டுத் தோசையே தின்றார். பிடித்தது பிடிக்காதது என்று அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் தின்பதைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன்.

பிறகு சப்ளையர் திரையை விலக்கினார். மனிதர் கடமை தவறாதவர். மாப்பிள்ளையின் அம்மாவிடம் கேட்டார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு தோசையைக் கையால் மூடினாள். அக்காவும் மூடினாள், அத்தையும் மூடினாள். பெரியம்மா மூடினாள். அம்மா இரண்டு கையாலும் மூடினாள். கடைசியில் மூலையில் இருந்த என்னிடம் வந்தார். அத்தையின் தோளுக்கு மேலாகக் கரண்டியை நீட்டி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"மோளே, சம்மந்தி வேணோ?"

"வேண்டாம்" என்றேன்.

மெதுவாகச் சொல்லவில்லை. நீள மேசை வரைக்கும் கேட்கும்படி சொன்னேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மாப்பிள்ளையின் அம்மா தோசையைப் பிய்த்தபடியே கையை நிறுத்தினாள். வெளியே யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். மணி மூன்றே முக்கால்தான், ஆனால் ராகு காலம் வந்துவிடும் என்று அவர்கள் எழுந்துவிட்டார்கள். காப்பி வந்தபோது ஏழு பேர்தான் இருந்தோம்.

படகில் திரும்பும்போது அம்மா, பிள்ளைக்கு வாய் தவறிப் போச்சு என்று சொன்னாள். அப்பா ஆமாம் என்றார். வாய் தவறியது என்று எல்லோரும் முடிவு செய்துகொண்டார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பெரியப்பாவுக்கு ஹோட்டல்தான் கோணலாகிவிட்டது. அதற்குப் பிறகு, எண்பதுகளில் அண்ணனுக்குப் பெண் பார்த்தபோதும், எனக்கு மறுபடி மாப்பிள்ளை பார்த்தபோதும், அவர் புதிதாக ஒரு சோதனை சேர்த்துக்கொண்டார். மேசையைத் தள்ளிப் பார்ப்பார், பிறகு சப்ளையரைக் கூப்பிட்டு, தோசைக்குத் தொட்டுக்கொள்வதை இங்கே என்ன பெயர் சொல்லிக் கேட்பீர்கள் என்பார். சட்னி என்று சொன்னால்தான் உட்காருவார். அதற்காக எங்களைப் படகிலும் பஸ்ஸிலும் ஏற்றி எத்தனை ஹோட்டலில் இறக்கினார் என்று எனக்கு நினைவில்லை. தெரிந்தவர்கள் வீட்டிலும் அவரிடம் வந்து யோசனை கேட்டார்கள். அவரும் சொன்னார்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று வீட்டில் இன்றுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டவர் அந்த சப்ளையர் ஒருவர்தான். அவரும் சட்னிக்காகத்தான் கேட்டார்.